தொற்றுக்குப் பின் எத்தனை நாள்? கூடுதல் தடுப்பூசியின் காலக்கணக்கும் அதனைச் சொல்லும் தமிழும்

மொழியியல் கற்றவர்கள் தடுப்பூசியைப் பற்றிப் பேச வருவது ஏன் என்னும் வினா, தலைப்பைக் கண்டவுடனேயே சிலருக்கு எழுந்திருக்கும். ஒருவருக்கு ஊசி போடலாமா, கூடாதா என்று முடிவுசெய்வது மருத்துவரின் பணி. அதில் நாம் தலையிடப் போவதில்லை. எனினும் மருத்துவர் தரும் விடை மொழியின் வழியாகத்தான் நம்மை வந்தடைகிறது. ‘மூன்று மாதத்திற்குப் பிறகு’, ‘மூன்று மாதத்திற்குள்’, ‘மூன்று மாதத்தில்’ ஆகிய தொடர்களைப் பாருங்கள். அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஓர் உருபோ ஒரு சொல்லோதான். கேட்பவர் எழுபத்தைந்து வயதான நீரிழிவு நோயாளியாக இருந்தால், அடுத்த தொற்றலை வரும்போது அவர் பாதுகாப்புடன் இருப்பாரா என்பதை அந்தச் சிறு வேறுபாடே முடிவுசெய்துவிடக் கூடும். அறிவிப்பைப் பாட்டிக்குப் படித்துச் சொல்வது பெரும்பாலும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளை என்பதால், இது தமிழாசிரியர்களுக்கும் உரிய பொருளாகிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் வினா இது: அண்மையில் கொவிட்-19 கிருமித்தொற்றுக்கு ஆளாகிக் குணமடைந்தவர், அடுத்த கூடுதல் தடுப்பூசியை எப்போது போட்டுக்கொள்வது? இதற்கு ஓர் எண்ணை விடையாக எதிர்பார்ப்பது மனித இயல்பு. ஒரு நாட்டில் 28 நாள், மற்றொரு நாட்டில் மூன்று மாதம், வேறொன்றில் ஆறு மாதம் என்று கேள்விப்பட்டவுடன், ‘வல்லுநர்களுக்கே தெரியவில்லை போலும்’ என்று சலித்துக்கொள்கிறோம். அந்த எண்களை ஒரே வினாவுக்கு வந்த முரண்பட்ட விடைகளாகக் கொள்வதால் வரும் சலிப்பு அது. எந்த நாளிலிருந்து எண்ணுவது, குறைந்த அளவு இடைவெளியைச் சொல்கிறோமா அல்லது சிறந்த இடைவெளியைச் சொல்கிறோமா, யாருக்காகச் சொல்கிறோம் என்னும் மூன்று வினாக்கள் அந்த ஒற்றை ‘எப்போது’க்குள் ஒளிந்திருக்கின்றன.

தவணை என்னும் சொல்

முதலில் பெயர்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் பூஸ்டர் எனப்படுவதைச் சிங்கப்பூரில் ‘பூஸ்டர் தடுப்பூசி’ என்றும் ‘கூடுதல் தடுப்பூசி’ என்றும் வழங்குகிறோம். மலேசியத் தமிழ் ஊடகங்களில் ‘ஊக்கத் தடுப்பூசி’ என்னும் வழக்கைக் காணலாம். இந்திய அரசு 2022 ஜனவரி 10ஆம் தேதி இதனைத் தொடங்கியபோது ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்று பெயரிட்டது. பெயர் ஒவ்வொன்றும் கேட்பவர் மனத்தில் ஒரு படத்தை வரைகிறது. ‘கூடுதல்’ என்றால், போதுமான அளவுக்கு மேல் ஒன்று, இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்ற எண்ணம் சிலருக்கு எழுகிறது. ‘ஊக்கம்’ என்பது முன்பே உள்ளதைத் தூண்டிவிடுவதைக் குறிப்பதால் உடலுக்குள் நிகழ்வதற்கு நெருக்கமாக நிற்கிறது. ஆயினும் ‘ஊக்கமருந்து’ என்று சற்றே மாற்றிச் சொன்னால், விளையாட்டு வீரர் தடைசெய்யப்பட்ட மருந்தை உட்கொண்ட செய்தி நினைவுக்கு வந்துவிடுகிறது! பெயர் சூட்டுவோர் இத்தகைய உறவினர்ச் சொற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் நம்மைக் கவர்வது ‘தவணை’ என்னும் சொல்லே. பழைய தலைமுறை தடுப்பூசியை ‘அம்மை குத்துதல்’ என்றது. குத்தப்படும் பொருளை ‘அம்மைப்பால்’ என்றது. அக்காலத்தில் ஒருமுறை குத்தினால் வேலை முடிந்தது போன்ற எண்ணம் பொதுமக்களிடம் இருந்தது. பல முறை போடும் ஊசிகள் வந்தபோது, ‘முதல் தவணை, இரண்டாம் தவணை’ என்னும் வழக்கு உருவாயிற்று. ஆங்கிலச் சொல்லான டோஸ் கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. ‘கொடுக்கப்படுவது’ என்பது அதன் அடிப்படைப் பொருள். அது அளவைச் சுட்டும் சொல். தவணையோ குறித்த காலத்தைச் சுட்டும் சொல். கடனைத் தவணையில் அடைக்கிறோம். பள்ளியாண்டைத் தவணைகளாகப் பிரிக்கிறோம். எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் மருந்தின் ஒரு பகுதி என்பதைத் தமிழ் வழக்கு தற்செயலாகவே பிடித்துக்கொண்டது. அறிவியலும் அதையே சொல்கிறது.

உடல் இடைவெளி கேட்பது ஏன்

கிருமி நுழைந்தாலும் தடுப்பூசி நுழைந்தாலும் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. நிணநீர் முடிச்சுகளில் உள்ள பி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் கிருமியின் முள்போன்ற புரதத்தை அடையாளம் காண்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி உடனடியாகப் பெருகி எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் கொட்டுகிறது. மற்றொரு பகுதி நினைவணுக்களாகத் தங்கிவிடுகிறது. எதிர்ப்பொருள்களின் அளவு சில வாரங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் மாதக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கண்டு ‘தடுப்பூசியின் வேலை முடிந்துவிட்டது’ என்று கூறுவோர் உண்டு. அவர்கள் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு வேலை அப்போது நடந்துகொண்டிருக்கிறது. நினைவணுக்கள் பல மாதங்கள் வரை தம்மைச் செப்பம் செய்துகொள்கின்றன; புரதத்தை இறுகப் பற்றும் திறமுடையவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன, மற்றவை பின்தங்குகின்றன.

இந்நிலையில், தொற்று நீங்கிய சில வாரங்களிலேயே தடுப்பூசி போட்டால் என்ன நிகழும்? இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் நிறைந்திருப்பதால், தடுப்பூசி உருவாக்கும் புரதத்தை நினைவணுக்கள் சந்திக்கும் முன்னரே அவை அதனைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. விரைவாக அகற்றியும் விடுகின்றன. செப்பம் செய்யும் வேலையும் முற்றுப்பெறவில்லை. எனவே ஊசியால் கிடைக்கும் ஆதாயம் குறைகிறது. பந்தியில் வயிறார உண்டு எழுந்தவருக்கு உடனே மற்றோர் இலை போடுவது போன்றது இது. பொதுவாக அதனால் பெருங்கேடு வந்துவிடுவதில்லை. பரிமாறியது பெரும்பாலும் இலையிலேயே கிடக்கும்.

அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டில் ‘செல்’ ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. தொற்றுக்கும் கூடுதல் தடுப்பூசிக்கும் இடையே 180 நாளுக்கும் குறைவான இடைவெளி இருந்தவர்களிடம், எதிர்ப்பொருள்களும் பி அணுக்களும் ஊசிக்குப் பின் காட்டிய எழுச்சி மங்கியே இருந்தது. இடைவெளி கூடியவர்களிடம் அது நன்றாக இருந்தது. ஆசிரியர்களுக்கு இது வியப்பளிக்காது. பாடம் நடத்திய மறுநாளே மீள்பார்வை செய்வதைவிட, சற்று மறக்கத் தொடங்கும் வேளையில் செய்வது நெடுநாள் நிற்கும் என்பதை நாம் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். உடலின் நினைவும் மனத்தின் நினைவும் ஒன்றென்று இதனால் கூறிவிடக் கூடாது. ஒப்புமை விளக்கத்திற்கு மட்டுமே.

இடைவெளியின் பயன் கொவிட்டுக்கு முன்பும் அறியப்பட்டதே. வளர்ந்தோருக்கான ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி பொதுவாக 0, 1, 6 மாதம் என்னும் கணக்கில் போடப்படுகிறது. கடைசி ஊசிக்கு முன் விடப்படும் நீண்ட இடைவெளி நெடுநாள் பாதுகாப்புக்கு உதவுகிறது. சிங்கப்பூரில் 2021 மே மாதத்தில் முதல் இரண்டு கொவிட் தவணைகளுக்கு இடையிலான காலம் ஆறு முதல் எட்டு வாரமாக நீட்டிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இருக்கும் மருந்தைக் கொண்டு கூடுதலானோர்க்கு முதல் தவணையை விரைவாக வழங்குவதே அதன் முதன்மை நோக்கம். எனினும் நீண்ட இடைவெளியில் எதிர்ப்பொருள்கள் மேலும் நன்றாக உருவாவதைப் பிறநாட்டு ஆய்வுகளும் காட்டின.

காத்திருப்பதன் விலை

இதுவரை சொன்னதைக் கேட்டவர், ‘அப்படியானால் எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு நல்லது’ என்று கருதிவிடலாம். அங்கேதான் இடர் தொடங்குகிறது. காத்திருக்கும் காலத்தில் கிருமி காத்திருப்பதில்லை.

தொற்றும் தடுப்பூசியும் சேர்ந்து தரும் பாதுகாப்பைக் கலப்பு எதிர்ப்பாற்றல் என்று கூறலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் ஆய்விதழில் வெளியான கட்டுரை இரண்டு எண்களைத் தந்தது. தொற்றும் கண்டு, முதன்மைத் தவணைகளையும் போட்டுக்கொண்டவர்களுக்கு, ஒமிக்ரான் கிருமியால் மருத்துவமனையில் சேரும் அளவுக்கான கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு ஓராண்டுக்குப் பின்னும் ஏறத்தாழ 97 விழுக்காடு. மீண்டும் தொற்றுக்கு எதிரான பாதுகாப்போ அதே ஓராண்டில் ஏறத்தாழ 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. முதல் எண்ணை மட்டும் படிப்பவர் ‘எனக்கு ஊசியே வேண்டாம்’ என்பார். இரண்டாவதை மட்டும் படிப்பவர் ‘ஊசியால் பயனே இல்லை’ என்பார். இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கற்பிப்பதும் மொழிப்பாடத்தின் கருத்தறிதல் பயிற்சிதான் என்பது நம் கருத்து.

மேலும் அவை சராசரி எண்கள். இருபது வயதுக் கல்லூரி மாணவருக்கும், சிறுநீரகக் கோளாற்றுடன் எண்பதை நெருங்கும் அவருடைய தாத்தாவுக்கும் சராசரி ஒன்றாக இருப்பதில்லை. முதுமையில் நோயெதிர்ப்பு நினைவு வலுவாக எழுவதில்லை. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர்க்கு, தொற்றே போதிய பாதுகாப்பை உண்டாக்காமல் போகலாம். இவர்கள் சிறந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, காத்திருக்கும்போதே மீண்டும் நோய்வாய்ப்பட்டால், சேமித்ததைவிட இழந்ததே மிகுதியாகும். ஆகையால்தான் நோயாளியின் நிலை, சுற்றிலும் தொற்று பெருகுகிறதா, நெடும்பயணம் உள்ளதா என்பவற்றைக் கேட்டு, மருத்துவர்கள் சிலருக்குக் காலத்தை முன்னே நகர்த்துகிறார்கள். ஊசி போட்ட பின்னும் பாதுகாப்பு உயர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், பயணத்திற்கு முதல்நாள் மருந்தகத்திற்கு ஓடுவதில் பொருளில்லை.

எண்களைப் படிக்கும் முறை

இனி நாடுகளின் எண்களுக்கு வருவோம். பிரிட்டனின் வழிகாட்டலில், நோய் அறிகுறி தோன்றிய நாளிலிருந்தோ பரிசோதனையில் தொற்று உறுதியான நாளிலிருந்தோ நான்கு வாரம் என்று இருந்தது. அதன் பின்னணியில் இருந்தவற்றுள் ஒன்று, தொற்றின் தொந்தரவுகளையும் ஊசியின் பக்கவிளைவுகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதிருப்பது. அதாவது அது ஓர் அடிமட்ட எல்லை. அதற்குக் கீழே போக வேண்டாம் என்பதே அதன் பொருள். அதே நாடு பதினெட்டு வயதுக்குட்பட்ட, பிற நோய்களில்லாத பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம் என்றது. மிக அரிதாக ஏற்படும் இதயத்தசை அழற்சியின் வாய்ப்பை இன்னும் குறைக்கலாம் என்பது அங்கே காரணம். ஒரே நாடு, ஒரே தடுப்பூசி, இரண்டு எண்கள்! ‘யாருக்கு’ என்பதைக் கேட்காதவருக்கு இது முரண்பாடாகத் தெரியும்.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொன்ன மூன்று மாதம் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் ஆங்கில வாசகத்தை உள்ளபடி தமிழாக்கினால், ‘மூன்று மாதம் தள்ளிப்போடுவதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம்’ என்று வரும். அது கட்டளையாகவும் இல்லை, அறிவுரையாகக்கூட இல்லை; வெறும் இசைவு. தமிழில் ‘-லாம்’, ‘வேண்டும்’, ‘கூடாது’ என்னும் முடிபுகள் இத்தகைய நிலைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வல்லவை. நம் மொழியில் குறையில்லை. ஆனால் செய்தி கைமாறிக் கைமாறி வரும்போது, ‘எண்ணிப் பார்க்கலாம்’ முதலில் ‘காத்திருக்கலாம்’ ஆகிறது; பிறகு ‘காத்திருக்க வேண்டும்’ ஆகிறது; இறுதியில் கைப்பேசிக் குழுவில் ‘மூன்று மாதத்திற்கு முன் போடவே கூடாது’ என்று வந்து நிற்கிறது. எண் மாறவில்லை. வினைமுற்று மட்டும் மாறியிருக்கிறது. மாணவர்களுக்கு வினைமுற்றின் ஆற்றலை உணர்த்த இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

இந்தியாவில் 2021 மே மாதத்தில் தொற்று கண்டவர்களுக்கான இடைவெளி மூன்று மாதம் என அறிவிக்கப்பட்டு, 2022 ஜனவரியில் முன்னெச்சரிக்கைத் தவணைக்கும் அதுவே பொருந்தும் என்று கூறப்பட்டது. அமெரிக்காவின் மூன்று மாதமும் இந்தியாவின் மூன்று மாதமும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் அமெரிக்கர் எண்ணத் தொடங்குவது அறிகுறி தோன்றிய அல்லது பரிசோதனை செய்த நாளிலிருந்து. இந்திய அறிவிப்பு எண்ணச் சொன்னது குணமடைந்த நாளிலிருந்து. ஒருவர் இரண்டு வாரம் நோயுற்றிருந்தால் இரு கணக்குகளுக்கும் இடையே இரண்டு வாரம் நழுவுகிறது. ‘தொற்றுக்குப் பிறகு’ என்று பொதுப்பட எழுதும் அறிவிப்பின் குறை இங்கேதான் உள்ளது. ‘தொற்று’ என்னும் பெயர்ச்சொல்லுக்குத் தொடக்கமும் முடிவும் குறிக்கப்படவில்லை. தொற்றியது, அறிகுறி தோன்றியது, உறுதியானது, குணமானது என்று வினையாக விரித்தால்தான் நாள் பிடிபடும். கிருமி உடலுக்குள் புகுந்த நாளை நோயாளியே அறியமாட்டார் என்பதால் முதலாவது நமக்குப் பயன்படாது. பிற மூன்றில் எது என்பதை எழுதுவோர் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியா 2023 பிப்ரவரியில் கடைசித் தடுப்பூசி, உறுதியான தொற்று ஆகிய இரண்டில் எது அண்மையதோ அதிலிருந்து ஆறு மாதம் என்று அறிவித்தது. கனடாவும் அக்காலத்தில் இதையொத்த ஆறுமாதக் கணக்கையே பின்பற்றியது. இதனைத் தமிழில் ‘கடைசித் தடுப்பூசியோ தொற்றோ முடிந்து ஆறு மாதம்’ என்று எழுதினால் பொருள் சிதைந்துவிடும். ‘ஓ’ என்னும் இடைச்சொல் இரண்டில் ஒன்று என்ற ஐயத்தையே தரும். பிந்தியது எது என்று ஒப்பிடும் பொருளைத் தராது. ‘இவ்விரண்டில் எது பிந்தி நிகழ்ந்ததோ, அந்நாளிலிருந்து’ என்று நீட்டி எழுதுவதே முறை. சுருக்கம் அழகுதான், ஆயினும் மருத்துவ அறிவிப்பில் ஐந்து சொல்லை மிச்சப்படுத்துவதற்காக ஐந்து மாதத்தை இழக்க முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு அண்மைய ஆண்டுகளில் அறுபது வயதும் அதற்கு மேற்பட்டோர்க்கும், நோயால் எளிதில் பாதிக்கப்படக்கூடியோர்க்கும் தந்துள்ள பரிந்துரை, கடைசித் தவணைக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டில் கூடுதல் தவணை, ஐந்து மாதத்திற்குக் குறையாத இடைவெளி என்பதாகும். ஒரே வாக்கியத்தில் இரண்டு எண்கள் உள்ளன. ஓராண்டு என்பது இலக்கு. ஐந்து மாதம் என்பது அடிமட்ட எல்லை. ‘ஐந்து மாதமா, ஓராண்டா, தெளிவாகச் சொல்லக் கூடாதா?’ என்று கேட்போர், தெளிவாகவே சொல்லப்பட்ட ஒன்றைத்தான் கேட்கிறார்கள். இங்கே கணக்கு தடுப்பூசி போட்ட நாளிலிருந்து தொடங்குவதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். எழுபத்திரண்டு வயது, கடைசித் தடுப்பூசி 2024 மார்ச் 10, தொற்று உறுதியான நாள் 2024 நவம்பர் 5. சிங்கப்பூர்க் கணக்கின்படி அவர் 2025 மார்ச்சு வாக்கில் அடுத்த தவணையைப் பெறலாம். அப்போது தொற்று கண்டு நான்கு மாதம் ஆகியிருக்கும். பிரிட்டனின் நான்கு வாரமும் அமெரிக்காவின் மூன்று மாதமும் கடந்துவிட்டன. ஆஸ்திரேலியா 2023இல் சொன்ன கணக்கைப் பின்பற்றினால் மட்டும் 2025 மே 5 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இவற்றுள் எதுவும் பிழையன்று. அவருடைய சிறுநீரகமும் இதயமும் எந்நிலையில் உள்ளன என்பதை அறிந்த மருத்துவர், மார்ச்சுக்கும் மேக்கும் இடையே எது அவருக்குத் தகும் என்று சொல்வார். அந்த உரையாடலுக்குள் செல்லும் முதியவரிடம் இரண்டு தேதிகளும் சரியாக இருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

நாளும் மாதமும்

நாளை எண்ணுவதில் நம்மவரிடம் இரண்டு மரபுகள் கலந்து வாழ்கின்றன. ‘இன்றைக்கு எட்டாம் நாள்’ என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. இன்றையும் சேர்த்து எண்ணுவதால் ஏழு எட்டாகிறது. இறந்தவருக்கான பதினாறாம் நாள் சடங்கையும் பல குடும்பங்களில் இறந்த நாளை முதல் நாளாகக் கொண்டே கணக்கிடுகிறார்கள். மருத்துவத்தின் இடைவெளிக் கணக்கோ முதல் நாளைச் சுழியமாகக் கொள்கிறது. ஆகவே ‘28 நாள் கழித்து’ என்பதும் ‘28ஆம் நாள்’ என்பதும் ஒன்றல்ல. பாட்டியின் எண்ணிக்கையில் அது 29ஆம் நாளாகும். ஒரு நாள் முன்னதாகப் போனால் உடல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பதிவுசெய்யும் கணினிதான் கோபித்துக்கொள்ளும். இதற்கோர் எளிய சரிபார்ப்பு உண்டு. 28 ஏழால் வகுபடும் எண். திங்கட்கிழமை தொடங்கிய கணக்கு திங்கட்கிழமையில் முடியாவிட்டால் எங்கோ தவறியிருக்கிறோம்.

மாதத்தில் இச்சரிபார்ப்பு இயலாது. 2022 பிப்ரவரி 14 முதல் சிங்கப்பூரில் பதினெட்டு வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் முதன்மைத் தவணைகளை முடித்து 270 நாள் வரைதான் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களாகக் கருதப்பட்டனர். பேச்சில் அதனை ‘ஒன்பது மாதம்’ என்றே சொன்னோம். 2021 ஜூன் 1ஆம் தேதி இரண்டாம் தவணை பெற்றவருக்கு ஒன்பது மாதம் என்பது 2022 மார்ச் 1. 270 நாள் என்பதோ பிப்ரவரி 26. இடையே மூன்று நாள். உணவங்காடிக்குள் நுழைய நிலையைக் காட்ட வேண்டியிருந்த அக்காலத்தில் மூன்று நாள் சிறிதன்று. அறிவிப்பில் நாள் என்றிருந்தால் மொழிபெயர்ப்பிலும் நாள் என்றே இருக்கட்டும்.

உருபுகளையும் சொல்லுருபுகளையும் பற்றி ஒரு சொல். ‘மூன்று மாதத்தில் போட்டுக்கொள்ளுங்கள்’ என்னும் தொடரைத் தவிர்ப்பது நல்லது. மூன்று மாத எல்லைக்குள் என்றும் கொள்ளலாம், மூன்று மாதம் நிறையும்போது என்றும் கொள்ளலாம். ‘கழித்து’ பேச்சில் தெளிவானது. ஆனால் கணக்குப் பாடத்தில் கழித்தல் பயிலும் சிறுவனுக்கு அது முதலில் வேறொன்றாகத் தோன்றுவதை ஆசிரியர்கள் அறிவார்கள். ‘நிறைந்த பிறகு’ என்பது இன்னும் உறுதியானது. காலம் முழுமை பெற வேண்டும் என்ற குறிப்பு அதில் உண்டு. ‘தொற்று உறுதியான நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் நிறைந்த பிறகு போட்டுக்கொள்ளலாம், அறுபது வயதுக்கு மேற்பட்டோரும் நாட்பட்ட நோயுள்ளோரும் இதற்கு முன்னரே போட வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்’ என்று எழுதினால், எந்நாளிலிருந்து, எவ்வகை எல்லை, யாருக்கு என்னும் மூன்றும் அமைந்துவிடுகின்றன. எண் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். சட்டகம் மாறத் தேவையில்லை.

எஞ்சியிருப்பது தேதி. தடுப்பூசி போட்ட நாள் மருத்துவப் பதிவில் இருக்கிறது. ஹெல்த்ஹப் செயலியில் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தொற்று கண்ட நாள் அப்படியன்று. பலரும் இப்போது ஏஆர்டி கருவியால் வீட்டிலேயே சோதித்து, இரண்டு கோடுகளைக் கண்டு, சில நாள் ஓய்வெடுத்து மீண்டுவிடுகிறார்கள். அது எங்கும் பதிவாவதில்லை. மருந்தகத்தில் கேட்டால், ‘தீபாவளிக்கு முந்திய வாரம்’, ‘தைப்பூசத்திற்குக் காவடி பார்க்கப் போய் வந்த பிறகு’, ‘பேத்திக்குத் தேர்வு நடந்தபோது’ என்று விடை வருகிறது. பண்டிகையைக் கொண்டு காலத்தைக் குறிப்பது நம் முன்னோர் வழக்கு, அதில் இழிவொன்றுமில்லை. 2024 தீபாவளி அக்டோபர் 31 என்று தெரிந்தால், முந்திய வாரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எந்த ஆண்டுத் தீபாவளி என்பதில்தான் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கருத்து வேறுபாடு எழும். வீட்டில் யாருக்கேனும் இரண்டு கோடுகள் தெரிந்த அன்றே, நாட்காட்டியின் அந்தக் கட்டத்தில் பெயரையும் ‘தொற்று உறுதி’ என்னும் இரு சொற்களையும் எழுதி, அந்தத் தாளைப் படம்பிடித்து வைக்குமாறு மாணவர்களிடம் சொல்லலாம். அறிகுறி அதற்கு முன்னரே தொடங்கியிருந்தால், அந்த நாளையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும்.